தலையணைக்கடியில் இருந்த மோதிரம்

எங்கள் கல்யாணப் பேச்சில் வைரம் நுழைந்தது ஒரு பேக்கரியில். சிங்காநல்லூரில் நான் வேலை பார்க்கும் பிசியோதெரபி கிளினிக்குக்கு எதிரே இருக்கும் பேக்கரி. அன்றைக்கு, நான் கட்டிக்கொள்ள நினைத்திருந்த அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பொள்ளாச்சி பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அவருடைய அப்பா, "வேற ஆளுங்க ஊட்டுப் புள்ள நமக்கு வேண்டாம்" என்று முடிவாகச் சொல்லிவிட்டாராம். அவருடைய டீ ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு முட்டை பப்ஸையும் நானே தின்றுகொண்டிருந்தேன். கவலை வந்தால் எனக்குப் பசிக்கும்.

"எங்கப்பா செரின்னு சொல்ற அன்னிக்கு உங்களுக்கு ஒரு வைர மோதரமுங்க" என்றார் திடீரென்று.

அழ வேண்டிய நேரத்தில் ஒரு மனிதர் இப்படிப் பேசினால் என்ன செய்வது? "ஒத்தைக் கல்லுங்களா, பல கல்லுங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை அது சும்மா சொன்ன வார்த்தை இல்லை, ஒப்பந்தம்.

நாங்கள் ஒருவரையொருவர் வாங்க போங்க என்றுதான் பேசிக்கொள்வோம். கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. சண்டை வந்தால் இன்னும் இரண்டு 'ங்க' கூடும், அவ்வளவுதான்.

அவருடைய அப்பா இறங்கி வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. அந்த வீட்டுக்குள் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. அவருடைய அம்மா சோறு போடும்போது ஒரு வார்த்தை, தோப்புக்குக் கிளம்பும்போது ஒரு வார்த்தை என்று விடாமல் போட்டுக்கொண்டே இருந்தார் என்று மட்டும் கேள்விப்பட்டேன். ஒரு நாள் மத்தியானம் என் போன் அடித்தது. "அம்மணி, நாந்தான் பேசறேன். இனிமே அத்தைன்னே கூப்புடு கண்ணு" என்றது ஒரு குரல். அப்போது நான் ஒரு பெரியவரின் முட்டியை மடக்கிப் பிடித்திருந்தேன். பிடித்தபடியே சிலையாக நின்றுவிட்டேன். "போதுஞ் சாமி, காலை உடு" என்று அவர் கத்திய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

ஆவணியில் நிச்சயம் என்று நாள் குறித்தார்கள். கிளினிக்கில் இருந்த மற்ற பெண்கள் சேலையைப் பற்றிப் பேசினார்கள், மண்டபத்தைப் பற்றிப் பேசினார்கள். எனக்குக் காதில் எதுவும் விழவில்லை. எனக்கு மோதிரம் வேண்டும்.

எங்கள் இருவர் சேமிப்பையும் சேர்த்து மோதிரத்துக்கென்று அறுபதாயிரம் ஒதுக்கினோம். வீட்டில் யாரிடமும் கேட்பதில்லை என்பது எங்கள் கொள்கை. விஷயத்தைச் சொன்னதும் என் அம்மா அலறினாள். "அந்தக் காசுக்குத் தங்கமா வாங்கினாலாச்சும் அவசரத்துக்கு ஆகும். ஒரு மொளகு சைஸுக் கல்லை வாங்கி என்ன பண்ணுவே?" இந்த ஊரில் தங்கம் வாங்குவது சேமிப்பு, வைரம் வாங்குவது கொழுப்பு. எனக்குக் கொஞ்சம் கொழுப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமையே வேட்டை ஆரம்பித்தது. முதலில் கிராஸ்கட் ரோட்டில் ஒரு பெரிய ஷோரூம். உள்ளே நுழைந்ததும் ரோஸ்மில்க் கொடுத்தார்கள். அறுபதாயிரத்துக்கு வந்தவர்களுக்கும் ரோஸ்மில்க் உண்டு என்பதில் எனக்கு மகிழ்ச்சி. விற்பனைப் பெண் கறுப்பு வெல்வெட் தட்டில் மோதிரங்களை எடுத்து வைத்தாள். அடடா! ஒவ்வொன்றும் கண்ணைப் பறித்தது. ஏழு பொடிக் கற்களை நெருக்கிப் பதித்து ஒரே பெரிய கல்லாகத் தெரியும்படி செய்த மோதிரத்தை அவர் கையில் எடுத்துக்கொண்டு, வைத்த கண் வாங்காமல் பார்த்தார். "பாருங்க, பாக்கறதுக்கு லட்ச ரூவா மோதரமாட்டவே இருக்குது!"

எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தக் கடைக் கூரையில் அத்தனை விளக்குகள். அந்த வெளிச்சத்தில் என் செருப்பு வார்கூட மின்னியது. நான் மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டு நேராக வாசலுக்கு நடந்தேன். செக்யூரிட்டி பதறிப்போய்க் கூடவே ஓடி வந்தார். "வெயில்ல பாக்கறனுங்க, ஓட மாட்டேன்" என்றேன். வெயிலில் பார்த்தால் ஏழு கல்லும் ஏழு திக்கில் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றில்கூட உயிர் இல்லை. திரும்ப வந்து தட்டில் வைத்துவிட்டு மிச்ச ரோஸ்மில்க்கைக் குடித்து முடித்தேன்.

அடுத்தது ஆர்.எஸ்.புரத்தில் புதிதாகத் திறந்திருந்த கடை. அங்கே எல்லாம் லேபில் வளர்த்த வைரம். எங்கள் காசுக்குப் பட்டாணி அளவில் கிடைத்தது. என் கை அதைத் தொட்டதும் விடவே மாட்டேன் என்றது. அவர் மட்டும் தலையைச் சொறிந்தபடி, "ஏனுங்க, லேபுல வளந்த வைரத்துக்குத் தோஷம் கீஷம் ஏதாச்சும் உண்டுங்களா?" என்று கேட்டார். விற்பனைப் பையன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் கணினியைப் பார்த்தார். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே வந்ததும் அவர் காரணம் சொன்னார். "எங்க பெரியம்மா கேப்பாங்க. பூமியில வெளைஞ்சதான்னு கேட்டா நா பொய் சொல்ல முடியாதுங்க."

இந்தப் பெரியம்மா அவருடைய அப்பாவின் அண்ணன் மனைவி. குடும்பத்தில் மூத்தவர். பெரியம்மா வேண்டாம் என்று சொன்ன காரியம் அந்த வீட்டில் நடந்ததே இல்லை. ஒரு காலத்தில் அவர் வைர மூக்குத்தி வாங்கிப் போட்ட அதே மாதம் பெரியப்பா லாரியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டாராம். மூக்குத்தியை மறுநாளே விற்றுவிட்டார்கள். அதிலிருந்து வைரம் என்றாலே ஆயிரம் கேள்வி கேட்பாராம், அதுவும் பூமியில் விளையாத வைரம் என்றால் விடவே மாட்டார். அதனால் பட்டாணி வைரத்தை மனசில்லாமல் விட்டுவிட்டு வந்தேன்.

கடைசியில் பெரிய கடை வீதியில் ஒரு மாடிக் கடையில் எங்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. குறுகலான படி, மேலே ஒரே ஒரு அறை, ஜன்னலோரம் ஒரு மேஜை. ரோஸ்மில்க் கிடையாது. வெள்ளைச் சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக முதலாளி உட்கார்ந்திருந்தார். நான் உட்கார்ந்த கையோடு, "அறுபதாயிரந்தானுங்க இருக்குது. அதுக்கு மேல காட்டி ஆசையக் கெளப்பிப்போடாதீங்க" என்றேன்.

"பேரத்தை நீயே முடிச்சுப்போட்டியே அம்மணி, அப்பறம் நா எதுக்கு இங்க உக்காந்திருக்கறேன்?" என்று சிரித்தார். என் கையை நீட்டச் சொல்லி விரலுக்கு வளையம் போட்டுப் பார்த்தார். நாளெல்லாம் ஆட்களின் தோளையும் முட்டியையும் அமுக்கிப் பிழைக்கிற கை இது. கணுக்கள் புடைத்திருக்கும். "இந்த வெரலுக்கு அரை கிராம் தங்கம் கூடப் புடிக்கும்" என்றார். அப்படியானால் வைரத்துக்கு அரை கிராம் தங்கத்தின் காசு குறையும். என் விரல்மேல் எனக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது.

அவர் மடித்த வெள்ளைக் காகிதத்தைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார். ஐந்தாறு கற்கள் இருந்தன. மூன்றாவது கல்லை அவர் இடுக்கியால் திருப்பியதும் அதிலிருந்து ஒரு நீலப் பொறி தெறித்தது. விளக்கு இல்லை, வெல்வெட் இல்லை. மேக மூட்டமான கோயமுத்தூர் மத்தியானம்தான். "இதுதானுங்க" என்றேன். என் பக்கத்தில் இருந்தவரும் அதே நொடியில் அதையே சொன்னார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதற்கு முன் நாங்கள் எதிலும் இப்படி ஒரே நேரத்தில் ஒத்துப்போனதில்லை, ஓட்டலில் தோசையில்கூட அவருக்கு நெய் வேண்டும், எனக்கு வேண்டாம்.

பதினெட்டு சென்ட், அதாவது ஒரு காரட்டில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு. ஆனால் அந்த அளவுக்கும் பளபளப்புக்கும் விலை எங்கள் கைக்குள் அடங்கியதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முதலாளி தானே காரணத்தைச் சொன்னார். பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்து ஓரத்தைப் பார்க்கச் சொன்னார். கல்லின் ஓரத்தில் கடுகைவிடச் சிறியதாக ஒரு கறுப்புப் புள்ளி. "இதனாலதான் வெலை கொறைச்சல். கல்லைக் கவ்வற தங்கக் கம்பிய இதும் மேல கொண்டாந்து வெச்சுட்டா யாருக்கும் தெரியாது. மினுமினுப்புக்கு ஒரு கொறையும் வராது. ஆனா புள்ளி இருக்குதுன்னு சொல்லிப்போடறது என்ற பழக்கம்."

எனக்குப் புள்ளி பெரிய விஷயமாகவே படவில்லை. என் மோவாயிலும் ஒரு மச்சம் இருக்கிறது. கல் உயரமாகத் தூக்கி நிற்காமல் தாழ்வாகப் பதிக்க வேண்டும், நோயாளிகளின் தோலைக் கீறக்கூடாது என்று மட்டும் கேட்டேன். எல்லாம் பேசி முடித்த பிறகு முதலாளி ஒரு கேள்வி கேட்டார். "பதிக்கறதுக்கு முன்னால கல்லை ஊட்டுக்குக் கொண்டுபோயி மூணு ராத்திரி தலகாணிக்கடியில வெச்சுப் பாக்கறீங்களா? வழக்கமாக் குடுக்கறதுதான். ஒத்துக்கலைன்னா வேற கல்லு தாரேன். போன மாசம் ஒருத்தர் திரும்பக் கொண்டாந்தார். என்னாச்சுங்கன்னு கேட்டா, வண்டி பஞ்சராப் போச்சுன்னார்."

இதெல்லாம் தெரிந்த ஊர்ப் பழக்கம்தான். வைரம் எல்லோருக்கும் ஆகாது என்று சொல்லாத வீடு இங்கே இல்லை. கெட்ட கனவு, காய்ச்சல், சண்டை, வீட்டில் யாராவது கீழே விழுவது, இதில் எது நடந்தாலும் கல் திரும்பிப் போய்விடும். ஆனால் எங்களுக்கு இருந்த அவசரத்தில் மூன்று ராத்திரி யார் காத்திருப்பார்கள்? "எங்களுக்குப் பப்ஸே ஒத்துக்குதுங்க, வைரம் ஒத்துக்காதுங்களா?" என்று சொல்லிவிட்டு முன்பணத்தைக் கட்டினோம்.

மோதிரம் தயாரானது நிச்சயத்துக்கு முந்தைய வியாழக்கிழமை. வாங்கியதும் நேராக உக்கடம் குளக்கரைக்குப் போனோம். அவர் அங்கிருந்து பொள்ளாச்சி பஸ் பிடிக்க வேண்டும், மோதிரம் மாப்பிள்ளை வீட்டுத் தட்டில்தான் வர வேண்டும். நிச்சயத்துக்கு முன்னால் விரலில் போடக்கூடாது என்பதால் டப்பாவைத் திறந்து மட்டும் பார்த்தோம். சாயங்கால வெயிலுக்கு அது திரும்பின பக்கமெல்லாம் ஒரு நிறம் காட்டியது. நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு அம்மா நின்று எட்டிப் பார்த்து, "நல்லாருக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே ஒரு சுற்று ஓடலாமா என்றிருந்தது.

அப்போதுதான் அவருடைய அப்பா போன் செய்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "ஏம்ப்பா, மோதரம் வைரமாமே. பெரியம்மா கேக்கறாங்க, வெச்சுப் பாத்தாச்சான்னு."

அவர் விழித்தார். "இல்லீங்கப்பா."

"அப்பக் கொண்டாந்து வெய்யி. இன்னிக்கு, நாளைக்கு, நாளன்னிக்கு, மூணு ராத்திரி ஆகுதில்ல. ஏதாச்சும் தடங்கலாத் தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை நிச்சயத்தைத் தள்ளி வெச்சுக்கலாம். பொரட்டாசி போகட்டும். நெதானமா யோசிச்சுக்கலாம்."

நிதானமா யோசிச்சுக்கலாம். எனக்கு அந்த வார்த்தைதான் காதில் நின்றது. ஒன்றரை வருஷம் யோசித்துத்தான் அரை மனதாகத் தலையாட்டியிருந்தார். இன்னும் யோசிக்க விட்டால் என்ன யோசிப்பார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஒரு கனவு, ஒரு தும்மல் போதும், எல்லாம் பழையபடி பேக்கரிக்கே போய்விடும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். ஆனால் அந்தக் கறுப்புப் புள்ளி ஞாபகம் வந்ததும் டப்பாவைப் படக்கென்று மூடினேன். பழைய ஆட்கள் கறுப்புப் புள்ளி உள்ள வைரத்தை வீட்டு வாசலே மிதிக்க விடமாட்டார்கள்.

அவர் டப்பாவைச் சட்டை உள்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். தலையணைக்கடியில் யார் வைத்துக்கொள்வது என்று அங்கே பேச்சு வந்தபோது அத்தை முந்திக்கொண்டு, "என்ற தலைமாட்டுல இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டாராம். பெரியம்மாவும் மூன்று நாளும் அங்கேயே தங்கிப் பார்ப்பதாகப் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாராம்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் பல் துலக்கும்போதே போன் செய்தேன். "அம்மாவுக்கு நல்ல கனவுங்க! பழனிக்கு பஸ்ல போறாப்பல வந்துச்சாம். உக்காரச் சீட்டும் கெடைச்சுதாம்" என்று கத்தினார். பழனி பஸ்ஸில் சீட்டு! பெரியம்மாவே அதைக் கேட்டு அசந்துபோய்விட்டாராம். நான் வாயில் நுரையோடு குதித்தேன்.

சனிக்கிழமை காலையில் கொஞ்சம் பயமுறுத்தினார். தோப்பில் நிறுத்தியிருந்த அவருடைய பைக் மேல் தேங்காய் விழுந்து கண்ணாடி உடைந்துவிட்டது. பெரியம்மா உடனே வைரத்தைப் பார்த்தாராம். அத்தைதான் சொன்னாராம், "தென்னமரத்தடியில வண்டிய நிறுத்துனா தேங்கா உழுகாம மாம்பழமாங்க்கா உழுகும்?" அவருடைய அப்பாவும் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாராம். சிரித்தார் என்றதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அத்தை எப்படிங்க இருக்காங்க?" என்று கேட்டேன்.

"குஷியா இருக்காங்க. வேலையே செய்யறதில்ல. பக்கத்து ஊட்டு அக்காவைக் கூப்புட்டு வெச்சு முறுக்குச் சுடறாங்க. நிச்சயத்துச் சந்தோஷம்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஒரே ஒரு செய்தி வந்தது: 'பாஸ்.' பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. என் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

மண்டபம் கோயமுத்தூரிலேயே, ராமநாதபுரத்தில். மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு வந்து இறங்கியபோது நான் மாடி ஜன்னலிலிருந்து திருட்டுத்தனமாகப் பார்த்தேன். எல்லாத் தட்டையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அத்தை மட்டும் எதையும் தூக்கவில்லை. அரக்குப் பட்டின் முந்தானையை வலது கையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, சிரித்துக்கொண்டே நடந்து வந்தார். எவ்வளவு அழகாக இருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

என்னைக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். பெரியவர்கள் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். பிறகு அத்தை எனக்குப் பொட்டு வைக்க எழுந்து வந்தார். முந்தானைக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. அதில் வளையலே இல்லை. இடது கையில் ஒரு டஜன் கண்ணாடி வளையலும் தங்க வளையலும் இருக்க, வலது கை மொட்டையாக இருந்தது. குங்குமத்தை எடுத்த விரல்கள் நடுங்கின. நெற்றிக்குப் போக வேண்டிய குங்குமம் பாதி மூக்கில் சிந்தியது. "மூக்குல உழுந்தா மாமியாளுக்குச் செல்லம்!" என்று யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. நான் அந்த மணிக்கட்டைப் பார்த்தேன். கட்டைவிரல் பக்கம் வீங்கிப் பளபளத்தது. அதற்கு மேல் பவுடரை அப்பியிருந்தும் நீலம் தெரிந்தது. கீழே விழும்போது கையை ஊன்றியவர்கள் மாதத்துக்குப் பத்துப் பேர் என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். இது இன்று விழுந்த கை இல்லை. இரண்டு மூன்று நாளாகி இருக்கிறது. இரண்டு மூன்று நாள் முன்னால் மோதிரம் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும்.

நான் வாயைத் திறக்கப் போனேன். அத்தை என் கண்ணை நேராகப் பார்த்தார். தலையை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டினார். அவருக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் பெரியம்மா நின்றிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அத்தை கையை மறுபடி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "மோதரத்தைப் போடு சாமி, நேரமாகுது" என்று மகனை அவசரப்படுத்தினார். அவர் போட்டார். கணுவில் கொஞ்சம் மாட்டிக்கொண்டு பிறகு உள்ளே இறங்கியது. எல்லாரும் பூவும் அரிசியும் தூவினார்கள். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, சந்தோஷத்தில் அழுகிறாள் என்று போட்டோகிராபர் கிட்டே வந்து எடுத்தார். சந்தோஷமும்தான்.

பந்தி ஆரம்பித்ததும் அத்தையை மணப்பெண் அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினேன். "கையக் குடுங்க" என்றேன். நான் தொட்டதுமே உதட்டைக் கடித்துக்கொண்டார். எலும்பில் விரிசல் இருக்கிறது என்று என் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

"எப்ப விழுந்தீங்க அத்தை?"

"வெள்ளிக்கெழமை வெடியால. வாசல் தெளிக்கப் போனேன், பாசி வழுக்கிப்போடுச்சு."

"முதல் ராத்திரி முடிஞ்ச காலையிலயா? அப்ப அந்தப் பழனி பஸ் கனவு?"

"கனவும் வரலை ஒண்ணும் வரலை. எந்திரிச்சு உள்ள போறதுக்குள்ள, என்ன கனவுன்னு உங்க பெரியம்மா வந்து நின்னுட்டாங்க. ஏதாச்சும் நல்லதாச் சொல்லோணுமில்ல? வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டேன்." வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "சீட்டுக் கெடைச்சுதுன்னு சொன்னதுதான் கொஞ்சம் ஓவராப் போச்சு."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இதையெல்லாம் நம்பாதவங்கன்னா, எப்பவோ சொல்லியிருக்கலாமுங்களே. மூணு நாள் இந்த வலியோட..."

"ஆரு நம்பாதவங்க?" என்றார் அத்தை. "நா நம்பறவதான். மொத ராத்திரியே மோதரத்தைத் திருப்பிப் பின்பக்கமாப் பாத்தேன். அரிசியில கல்லுப் பொறுக்கற கண்ணு. ஓரத்துல கருப்பா ஒரு புள்ளி இருக்குதில்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அதைப் பாத்துப்போட்டு ராத்திரி பூராத் தூக்கமே இல்ல. வெடிஞ்சாக் கீழ உழுந்து கெடக்கறேன். எனக்குப் பயமில்லாம இருக்குமா? ஆனா நெனைச்சுப் பாத்தேன். நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தான இருக்கறீங்க. உழுந்தது நாந்தான. வர வேண்டியது என்ற மேல வந்து போயிருச்சுன்னா, உங்களுக்கு இனி என்ன இருக்குது? அதான் இன்னும் ரெண்டு ராத்திரி என்ற தலைமாட்டுலயே வெச்சுக்கிட்டேன். மிச்சம் மீதி இருந்தாலும் என்னோட போகட்டும்னு."

அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். "மையெல்லாம் கரையுது கண்ணு, போட்டோ நல்லா வராது" என்று இடது கையால் என் முதுகைத் தட்டினார். பையில் எப்போதும் வைத்திருக்கும் பேண்டேஜை எடுத்து மணிக்கட்டை அசையாமல் கட்டினேன். புது மோதிரம் பட்டுவிடாமல் கவனமாகக் கட்டினேன், தாழ்வாகப் பதிக்கச் சொன்னது நல்லதாகப் போயிற்று.

கதவைத் திறந்தால் பெரியம்மா நின்றிருந்தார். கட்டைப் பார்த்ததும், "என்னாச்சு?" என்றார்.

"இப்பத்தானுங்க பெரியம்மா. எங்க மண்டபத்துப் படி வழுக்கிவிட்டுருச்சுங்க" என்றேன். மண்டபத்தைப் பெரியம்மா திட்டிய திட்டில் மேனேஜர் வெளியே வரவே இல்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அத்தை, மாமனாராகப் போகிறவர், பெரியம்மா, பட்டுச் சேலையோடு நான். எக்ஸ்ரேயில் விரிசல் தெரிந்தது. டாக்டர் முழங்கை வரை பரவியிருந்த நீலத்தைப் பார்த்துவிட்டு, "எப்ப விழுந்தீங்க?" என்று கேட்டார்.

"இன்னிக்குத்தானுங்க" என்றார் அத்தை.

டாக்டர் நம்பவில்லை. என்னைப் பார்த்தார். அவர் அனுப்பும் நோயாளிகளுக்கு நான்தான் சிகிச்சை செய்கிறேன், என்னை அவருக்கு நன்றாகத் தெரியும். "இன்னிக்குத்தான் சார். நான் பக்கத்துல இருந்தேன்" என்றேன். அவர் மாவுக்கட்டுப் போட எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது காரில் மாமனார் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பின்னால் அத்தைக்கு ஒரு பக்கம் பெரியம்மா, இன்னொரு பக்கம் நான். ராமநாதபுரம் சிக்னலில் வண்டி நின்றது. பெரியம்மா என் விரலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மெதுவாக அத்தையிடம், "ஏம்புள்ள, மோதரம் போட்ட அன்னிக்கே இப்படி ஆயிப்போச்சே. கல்லு நெசமாலுமே ஒத்துக்குச்சுங்கறயா?" என்று கேட்டார். மாமனார் முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

அத்தை மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் என் மோதிரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு ராத்திரி என்ற தலைமாட்டுல இருந்துச்சுங்க்கா" என்றார். "எனக்குக் கல்யாணமாகி வந்ததுலருந்து அத்தனை நல்லாத் தூங்குனதே இல்ல."